'கருக்கு' நூலில் நாங்கள் சந்தித்த மனிதர்கள்

கோட்டைப்பட்டினத்துப் பிள்ளைகளுக்குக் கருக்கு என்றால் என்னவென்று யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பனை மட்டையின் இரு விளிம்புகளிலும் அரத்தின் பற்களைப்போல் வரிசையாக நிற்கிறதே, அதுதான் கருக்கு. விறகுக்கு மட்டை பொறுக்கச் சென்று கையைக் கிழித்துக்கொண்டு, வீட்டிலும் திட்டு வாங்கிக்கொண்டவர்கள் நம் பள்ளியில் பலர் உண்டு. அந்தப் பெயரையே தலைப்பாகக் கொண்ட ஒரு நூலை எங்கள் தமிழ் மன்றத்தில் இவ்வாண்டு வெள்ளிக்கிழமை தோறும் மாலையில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். அந்நூலில் வரும் மனிதர்களை மலரின் வாசகர்களுக்கு அறிமுகம் செய்து வைக்கலாம் என்பதே எங்கள் எண்ணம்.

நூலை எழுதியவர் பாமா. இது அவரது புனைபெயர். 1958ஆம் ஆண்டு, இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வத்திராயிருப்புக்கு அருகிலுள்ள புதுப்பட்டியில், தாழ்த்தப்பட்ட கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். தந்தை இராணுவத்தில் பணிபுரிந்தவர். 'கருக்கு' 1992இல் வெளிவந்தது. லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம் அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, அம்மொழிபெயர்ப்பு 2000இல் வெளிவந்து கிராஸ்வேர்டு பரிசும் பெற்றது. இது நாவலா, தன்வரலாறா என்று மன்றத்தில் ஒரு மாலை முழுவதும் வாதாடினோம். நூலில் நடப்பவை எல்லாம் ஆசிரியையின் வாழ்வில் நடந்தவையே. ஆயினும் வரிசைக் கிரமமாக எழுதப்பட்ட வரலாறாக அது இல்லை. நினைவு போகும் போக்கிலே, அந்தத் தெருவின் பேச்சு மொழியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. வாதம் முடிவு பெறவில்லை. எப்படியானாலும் அதில் வரும் மனிதர்கள் நல்ல நாவலில் வருகிறவர்களைப்போல் மனத்தில் நின்றுவிடுகிறார்கள்.

முதலில் அந்தச் சிறுமி. நூல் முழுவதும் 'நான்' என்றே பேசுகிறவள். பள்ளிக்கூடத்திலிருந்து அவள் வீட்டுக்கு நடந்தால் பத்து நிமிடம்தான். அவளுக்கோ அரைமணி, சில நாட்களில் ஒரு மணி நேரம்! குரங்காட்டி, பாம்பாட்டி, கடைத்தெருப் பண்டங்கள், திருவிழாக் கொட்டகை என்று பார்க்க எத்தனையோ இருக்கும்போது யார்தான் நேரே வீட்டுக்குப் போவார்கள்? இந்த இடத்தைப் படித்ததும் எங்களுள் பேருந்து நிறுத்தத்திலிருந்து வரும் தோழியர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர்.

அப்படி ஒரு நாள் வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகையில் களத்தில் போரடிப்பு நடக்கிறது. நிலத்துக்குச் சொந்தக்காரர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். சிறுமியின் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் கடைத்தெருவிலிருந்து வடையோ பஜ்ஜியோ இருக்கும் சிறு பொட்டலத்தைக் கொண்டு வருகிறார். எப்படிக் கொண்டு வருகிறார்? பொட்டலத்தைத் தொடாமல், கட்டியிருக்கும் நூலை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு! வயதில் அத்தனை பெரியவர் ஒரு தின்பண்டத்தை அப்படித் தொங்கவிட்டு வருவது அவளுக்குச் சிரிப்பாக இருக்கிறது. அவிழ்ந்து கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று நினைக்கிறாள். அவரோ குனிந்து, பணிந்து பொட்டலத்தை நீட்டுகிறார். நிலக்காரர் பிரித்துத் தின்கிறார்.

வாசகர்களே, இந்த இடத்தில் எங்களுக்கும் சிரிப்பு வந்தது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். படித்துக்கொண்டிருந்தவள் அந்தப் பெரியவர் நடந்து வருவதைக் கையால் நடித்தும் காட்டினாள். அடுத்த பக்கம் வரும்வரை சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

சிறுமி வீட்டுக்கு ஓடிப்போய் அண்ணனிடம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. அவர் கைபட்டால் தீட்டு என்று அந்த வீட்டார் கருதுவதால்தான் நூலைப் பிடித்துத் தூக்கி வந்தார் என்று விளக்குகிறார். அவ்வளவுதான், சிரிப்பு நின்றுவிடுகிறது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் அந்தப் பெண்ணுக்குத் தீண்டாமை என்னும் சொல்லைக்கூட அதுவரை யாரும் சொன்னதில்லை. அப்பொழுதே போய் அந்தப் பொட்டலத்தைத் தொட்டுவிட வேண்டும் என்று அவளுக்கு ஆத்திரம் வருகிறது. இது நடந்தது 1960களில். 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்ததாக அறிவித்துப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அந்தக் களத்துக்கு அச்செய்தி வந்து சேரவில்லை.

அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் படித்தவர், நூலகத்திலிருந்து புத்தகங்களைச் சுமந்து வருகிறவர். வழியில் எதிர்ப்படும் ஒருவர் அவரிடம் எந்தத் தெரு என்று விசாரிக்கிறார். தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும் அல்லவா? அந்த ஊரின் அமைப்பே அப்படி. அஞ்சலகம், பஞ்சாயத்து அலுவலகம், பால் பண்ணை, பெரிய கடைகள், கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் மற்றவர்கள் தெருவில். இவர்கள் தெரு மட்டும் தனியே. எல்லாவற்றுக்கும் இவர்கள்தாம் அங்கே போக வேண்டும். அவர்கள் இங்கே வர வேண்டிய காரியம் ஒன்றுமில்லை. நன்றாகப் படி, படிப்பில் முன்னுக்கு வந்தால் மற்றவர்கள் தாமாக உன்னைத் தேடி வருவார்கள் என்று அண்ணன் தங்கைக்குச் சொல்கிறார். அவளும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வகுப்பில் முதலாவதாக வருகிறாள். இந்த அண்ணன்தான் பிற்காலத்தில் தமிழிலக்கிய ஆய்வாளராகவும் எழுத்தாளராகவும் புகழ்பெற்ற ராஜ் கௌதமன். 1950இல் பிறந்த அவர் 2024இல் காலமானார். அண்ணன் சொன்னது பலித்ததா என்று கேட்டால், பாதி பலித்தது என்றே சொல்வோம். தோழிகள் தேடி வந்தார்கள். தெருவின் பெயர் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

நூலில் எங்களை அதிகம் வருத்தியவர் பாட்டிதான். இரண்டு பாட்டிமாரும் நிலமுடையவர் வீடுகளில் வேலை செய்தவர்கள். விடியுமுன் போய்த் தொழுவம் கூட்டிச் சாணம் அள்ள வேண்டும். வயல் வேலையும் உண்டு. அந்த வீட்டில் நேற்றுப் பிறந்த குழந்தைகூடப் பாட்டியைப் பெயர் சொல்லி அழைக்கும். பாட்டி அந்தக் குழந்தையை ஐயா என்று அழைக்க வேண்டும். நம் ஊரில் வயதான பெண்மணியை யார் வீட்டுப் பிள்ளையும் அப்பத்தா என்றோ அம்மாச்சி என்றோதானே கூப்பிடும்? தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் அந்த வீட்டம்மாள் நான்கடி உயரத்திலிருந்து ஊற்றுவார். பாட்டி இரு கைகளையும் குவித்து வாயருகே ஏந்திக் குடிப்பார். வேலை முடிந்ததும் முந்தின இரவு மிஞ்சிய சோறும் குழம்பும் பாட்டியின் பாத்திரத்தில் விழும். அதை அமுதம்போல வீட்டுக்குக் கொண்டு வருவார்.

பேத்திக்கு இது பொறுக்கவில்லை. இனி அந்த மிச்சத்தை வாங்க வேண்டாம் என்கிறாள். பாட்டிக்கோ அந்த வீட்டார்தாம் படியளக்கும் மகராசர்கள். அவர்கள் இல்லாவிட்டால் நாம் பிழைப்பது எப்படி, தலைமுறை தலைமுறையாக வந்ததை நாம் மாற்ற முடியுமா என்பது அவருடைய பதில். எங்களில் சிலருக்குப் பாட்டிமீது கோபம் வந்தது. ஏன் பணிந்து போனார், ஏன் ஒருநாளாவது எதிர்த்துக் கேட்கவில்லை என்று வாதிட்டார்கள். அப்போது எங்கள் தமிழாசிரியை, கடல் கடந்த வேறொரு பாட்டியைப் பற்றிச் சொன்னார்.

மில்ட்ரெட் டெய்லர் என்னும் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் 1976இல் 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை' என்று சிறுவர்க்கான நாவல் ஒன்றை எழுதினார். அடுத்த ஆண்டே அதற்கு நியூபெரி பதக்கம் கிடைத்தது. கதை நடப்பது மிசிசிப்பி மாநிலத்தில், 1930களில். கதை சொல்பவள் காஸி லோகன் என்னும் 9 வயதுச் சிறுமி. வெள்ளையர் பள்ளியில் தேய்ந்து கிழிந்து கழித்த புத்தகங்களே இவர்கள் பள்ளிக்கு வருகின்றன. புத்தகத்தின் உள்ளட்டையில் எந்த ஆண்டு, எந்த நிலையில், எந்த இனத்துப் பிள்ளைக்குக் கொடுக்கப்பட்டது என்ற பட்டியலும் ஒட்டியிருக்கிறது! அதைப் பார்த்துவிட்டு, முதல் வகுப்புப் படிக்கும் அவளுடைய தம்பி புத்தகத்தைத் தரையில் எறிந்துவிடுகிறான். பின்னர் ஒரு நாள் காஸி பாட்டியுடன் பட்டணத்துக்குச் செல்கிறாள். நடைபாதையில் ஒரு வெள்ளைக்காரச் சிறுமிமேல் தெரியாமல் மோதிவிடுகிறாள். அச்சிறுமியின் தந்தை காஸியின் கையை முறுக்கிச் சாலையில் தள்ளுகிறார். ஓடி வந்த பாட்டி என்ன செய்கிறாள்? பேத்தியையே மன்னிப்புக் கேட்கச் சொல்கிறாள். காஸியும் அழுதுகொண்டே கேட்கிறாள். அன்று பாட்டியின்மேல் அவளுக்கு வந்த கோபம் எளிதில் ஆறுவதாக இல்லை. பேத்தியை உயிரோடு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்ற ஒரே கவலைதான் பாட்டியின் வாயிலிருந்து அந்தச் சொல்லை வரவழைத்தது என்பது வாசிக்கும் நமக்குத் தெரிகிறது.

இதைக் கேட்ட பிறகு புதுப்பட்டிப் பாட்டியை எங்களால் குறை சொல்ல முடியவில்லை. வேறொன்றையும் ஆசிரியை நினைவூட்டினார். நான்கடி உயரத்துத் தண்ணீர் பழங்கதை என்று நினைத்துவிட வேண்டாம். நம் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே வேங்கைவயல் என்னும் சிற்றூரில் தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் குடிநீர் தரும் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கிடந்தது 2022 டிசம்பரில் தெரிய வந்தது. விசாரிக்க வந்த மாவட்ட ஆட்சியர், அடுத்துள்ள இறையூரில் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை முறை இருப்பதையும் அறிந்து நடவடிக்கை எடுத்தார். கோயிலுக்குள் விடப்படாதிருந்த மக்களை ஐயனார் சந்நிதிக்கு அழைத்துச் சென்றார். செய்தித்தாளில் வந்த இவற்றை எங்களில் பலர் அப்போது படித்தோம்; படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டோம்.

இனித் தலைமையாசிரியர். சிறுமி ஏழாம் வகுப்பில் இருக்கும்போது பள்ளியில் சாய்ந்து வளர்ந்த தென்னை ஒன்று உண்டு. அதன்மேல் ஓடி ஏறி உச்சியைத் தொட்டு வருவது பிள்ளைகளின் விளையாட்டு. இவள் தொட்டபோது ஒரு குரும்பை விழுந்துவிடுகிறது. அதை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். மறுநாள் காலை, எல்லாப் பிள்ளைகளும் கூடியிருக்கும் வேளையில் தலைமையாசிரியர் அவளைத் திருடி என்று நிறுத்துகிறார். அவளை மட்டுமா? அவள் சாதியையும் சேர்த்துச் சொல்லியே நிறுத்துகிறார். வகுப்புக்குள் போகக்கூடாது என்றும் சொல்லிவிடுகிறார். அவள் நியாயம் தேடிப் பங்குத்தந்தையிடம் ஓடுகிறாள். சேரியிலிருந்து வருகிறவள்தானே, செய்திருப்பாய் என்ற பொருளில்தான் அங்கும் பதில் வருகிறது. கடைசியில் அவர் கொடுத்த கடிதத்தைக் காட்டி வகுப்புக்குள் போகும்போது எல்லாப் பிள்ளைகளின் கண்களும் அவள்மேல் இருக்கின்றன. விழுந்த காய் எவ்வளவு பெறும்? அந்தக் காலை வேளையை அவள் முப்பது வயதுக்கு மேலும் மறக்கவில்லை என்பதற்கு நூலே சாட்சி.

துக்கம் என்றால், அந்நூலில் எல்லாவற்றிலும் பெரிய துக்கம் வேறொரு தகப்பனுடையது. கல்லறை நிலத்தைப் பற்றி ஊரில் இரு சாராருக்குள் சண்டை மூள்கிறது. காவல்துறையினர் வந்து ஒரு தெருவாரை மட்டும் வீடு வீடாகப் புகுந்து அடிக்கிறார்கள். ஆண்கள் அனைவரும் காட்டிலும் மலையிலும் ஒளிந்துகொள்கிறார்கள். தெருவில் பெண்களும் குழந்தைகளும் மட்டுமே. அந்த நாட்களில் ஒரு சிறுவன் நோயில் இறந்துபோகிறான். அவன் தகப்பனும் தலைமறைவாக இருப்பவன். பெற்ற பிள்ளையின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க அவன் சேலை உடுத்திக்கொண்டு, பெண்களோடு பெண்ணாக வந்து நிற்கிறான். அடக்கத்தையும் பெண்களே நடத்தி முடிக்கிறார்கள். வாய்விட்டு அழவும் அவனால் முடியாது. ஆண் குரல் கேட்டால் பிடிபட்டுவிடுவான். இந்தப் பக்கத்தைப் படித்தவள் குரல் தழுதழுத்து நிறுத்திவிட்டாள். கடலுக்குப் போன தகப்பனுக்காகக் கரையில் காத்திருந்து பழகிய பிள்ளைகள் எங்கள் மன்றத்தில் இருக்கிறார்கள். அன்று மேற்கொண்டு படிக்கவில்லை.

விடுதியில் தங்கிப் படிக்கும் காலத்தில் வரும் ஒரு காட்சி மிகச் சிறியது. ஆசிரியை வகுப்பில், தாழ்த்தப்பட்ட மாணவியர் எழுந்து நில்லுங்கள் என்கிறார். அரசாங்கம் மாலையில் அவர்களுக்குத் தனி வகுப்பு ஏற்பாடு செய்திருக்கிறதாம், கணக்கெடுக்க வேண்டுமாம். இரண்டு பேர் எழுந்து நிற்கிறார்கள். மற்றவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். கொடுக்கப்படுவது உதவிதான், கேட்டவரும் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆயினும் நிற்பவளுக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

நாங்கள் பேச்சற்றுப் போனது இங்கேதான். உதவித்தொகைப் படிவங்கள் வரும் நாளில் இன்னின்னார் எழுந்து நில்லுங்கள் என்ற குரலை நாங்களும் கேட்டிருக்கிறோம். எழுந்து நின்றவர்களும் எங்களுள் உண்டு. திரும்பிப் பார்த்தவர்களும் உண்டு. ஆறாண்டுகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தும் இதைப் பற்றி ஒருநாளும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. அன்று மாலை ஒரு தோழி, அந்த நாள் வரும் என்று தெரிந்தால் வயிற்றுவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுவேன் என்றாள். நாங்கள் எல்லாரும் உண்மையிலேயே அவளுக்கு வயிற்றுவலி என்றுதான் நம்பியிருந்தோம்.

நூலின் பிற்பகுதியைப் பற்றிப் பள்ளி மலரில் எழுதலாமா என்று எங்களுக்குத் தயக்கம் இருந்தது. படித்து ஆசிரியையான பாமா, தம்மைப் போன்ற ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கும் ஆசையோடு துறவற மடத்தில் சேர்கிறார். அங்கேயும் சாதியைப் பற்றிய பேச்சுகள் காதில் விழுகின்றன. மடம் நடத்தும் பள்ளிகளில் வசதி படைத்தவர் வீட்டுப் பிள்ளைகளே நிறைந்திருக்கக் காண்கிறார். ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவர்களின் வாழ்க்கை, தம் தெருவின் ஏழ்மையோடு ஒட்டவில்லை என்று அவர் மனம் குமுறுகிறது. கடைசியில் 1992இல் மடத்தை விட்டு வெளியேறுகிறார். கையில் வேலை இல்லை. ஊரில் பழைய இடமும் இல்லை. அந்தத் தனிமையில் பிள்ளைப் பருவத்தை நினைத்து நினைத்து எழுதியதே 'கருக்கு'. தலைமையாசிரியை சகோதரி அவர்களிடம் சென்று இதை எழுதலாமா என்று கேட்டோம். புத்தகத்தை வாங்கிக்கொண்டார்கள். பத்து நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தபோது, எழுதுங்கள், ஆனால் எங்களுக்காக எதையும் குறைத்து எழுத வேண்டாம் என்று மட்டும் சொன்னார்கள். படிவங்களை அவரவர் தனியே அலுவலகத்தில் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்ற அறிவிப்பு அதற்கடுத்த வாரம் வந்தது. அதற்கும் எங்கள் கட்டுரைக்கும் சம்பந்தம் உண்டா என்று நாங்கள் கேட்கவில்லை.

நூலின் பெயருக்குப் பாமா முன்னுரையில் தரும் விளக்கமும் மறைக்கல்வி வகுப்பில் நாம் அறிந்ததே. எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் 4ஆம் அதிகாரத்தில் இறைவார்த்தை இருபுறமும் கூர்மையுள்ள வாளுக்கு ஒப்பிடப்படுகிறது. பனங்கருக்கும் இருபுறமும் அறுக்கும். விறகு பொறுக்கிய நாளில் தம் தோலைக் கீறிய கருக்கையே அந்த வாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார் அவர். வேதவாக்கியத்தை இவ்வளவு அருகில் கொண்டு வந்து வைத்த விளக்கம் வேறொன்றை நாங்கள் கேட்டதில்லை.

மன்றத்தில் கேட்க வந்தவர்களுள் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். அக்காளோடு சேர்ந்து வீட்டுக்குப் போவதற்காகக் காத்திருப்பவள். நூல் முழுவதும் படித்து முடித்த அன்று ஏதாவது கேட்க வேண்டுமா என்று ஆசிரியை கேட்டபோது அவள்தான் முதலில் எழுந்தாள். பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போனாரே அந்தத் தாத்தா, அவர் பேர் என்ன டீச்சர் என்றாள். நாங்கள் முதல் பக்கங்களுக்குத் திரும்பிப்போய்த் தேடினோம். பெயர் அதில் இல்லை. புத்தகத்தில் போடாவிட்டாலும் அவருக்குப் பேர் இருந்திருக்கும் அல்லவா என்று அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்து அதையே கேட்டாள்.